குற்றம் நடந்த இரவில் நகரத் தலைமை என்ன பேச வேண்டும்

“யாரும் அச்சப்பட வேண்டாம், நிலைமை முழுக் கட்டுப்பாட்டில் இருக்கிறது.” ஒரு தெருவில் கொலை விழுந்த சில மணி நேரத்தில் மேயரோ காவல் ஆணையரோ வாய் திறந்தால் பெரும்பாலும் இந்த வாக்கியம்தான் வருகிறது. சொல்பவர் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார். ஆனால் கேட்பவருக்கு வேண்டியது மூன்றே பதில்கள். செய்தவன் இன்னும் வெளியில் திரிகிறானா? நாளைக் காலை பிள்ளையை அந்தத் தெரு வழியாகப் பள்ளிக்கு அனுப்பலாமா? அடுத்த தகவல் எப்போது வரும்? அந்த வாக்கியத்தில் இவற்றில் ஒன்றுக்கும் பதில் கிடையாது. தலைமை விட்டுவைத்த இடத்தை அடுத்த பத்து நிமிடத்தில் வாட்ஸ்அப் குழுக்கள் நிரப்பிவிடுகின்றன.

முதல் அறிக்கை ஒரு மணி நேரத்துக்குள் வெளியே போக வேண்டும். விசாரணை முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை. யார் சொல்கிறார்கள், என்ன நடந்தது, எங்கே, எப்போது, மக்கள் இப்போது என்ன செய்ய வேண்டும் என்ற ஐந்தும் இருந்தால் போதும். பேரிடர் எச்சரிக்கைகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர்களும் இந்த ஐந்தைத்தான் வலியுறுத்துகிறார்கள். குற்றச் செய்திக்கு இரண்டைக் கூடுதலாகச் சேர்க்க வேண்டியிருக்கிறது: இன்னும் தெரியாதது எது, அடுத்து எத்தனை மணிக்குப் பேசப் போகிறோம். மாதிரிக்கு ஒன்று:

“மாநகரக் காவல்துறை அறிவிப்பு. இன்று மாலை 6.40 மணி அளவில் பேருந்து நிலையத்தின் பின்புறத் தெருவில் இருவர் கத்தியால் தாக்கப்பட்டனர். இருவரும் மருத்துவமனையில் சிகிச்சை பெறுகிறார்கள். தாக்கியவர் இன்னும் பிடிபடவில்லை. தாக்கியது ஒருவரா பலரா என்பது இன்னும் உறுதியாகவில்லை. அந்தத் தெருவும் அதை ஒட்டிய இரண்டு குறுக்குத் தெருக்களும் மூடப்பட்டுள்ளன. அங்கே குடியிருப்பவர்கள் கதவைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குள் இருங்கள். எதையாவது பார்த்திருந்தால் கட்டுப்பாட்டு அறையை அழையுங்கள். அடுத்த தகவல் இரவு 8.30 மணிக்கு, புதிதாக எதுவும் இல்லாவிட்டாலும்.”

கடைசி மூன்று சொற்களில்தான் இதன் பலம் இருக்கிறது. 8.30க்குச் சொல்ல ஒன்றுமே இல்லையென்றாலும் வந்து நின்று, “6.40க்குப் பிறகு வேறு தாக்குதல் எதுவும் பதிவாகவில்லை, தேடுதல் தொடர்கிறது, அடுத்து 10 மணிக்கு” என்று சொல்ல வேண்டும். 8.30 என்று சொல்லிவிட்டு 9.15க்கு வந்தால், இடைப்பட்ட 45 நிமிடத்தில் பிறந்த வதந்தியை அடக்க மூன்று நாள் ஆகும்.

ஒரு மணி நேரத்துக்குள் அறிக்கை வராமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் தகவல் இல்லாமை அல்ல, ஒப்புதல் சங்கிலி. வரைவு காவல் நிலையத்திலிருந்து ஆணையர் அலுவலகம் போகும். அங்கிருந்து சட்டப் பிரிவு, பிறகு மேயரின் செயலாளர். ஒவ்வொருவரும் ஒரு சொல்லை மாற்றுவார்கள். யாரோ ஒருவர் தொலைபேசியை எடுக்க மாட்டார். இதற்கு வழி, நிதானமான நாட்களிலேயே வார்ப்புகளை, அதாவது விவரம் நிரப்ப இடம் விட்ட மாதிரி அறிக்கைகளை, தயாரித்து எல்லோரிடமும் ஒப்புதல் வாங்கி வைத்துவிடுவது. கத்திக்குத்து அல்லது துப்பாக்கிச் சூடு, குழந்தை காணாமல் போதல், தொடர் வீட்டுத் திருட்டு, கும்பல் மோதல், வெடிகுண்டு மிரட்டல், காவலர் கையால் ஒருவர் இறப்பது என்று ஆறேழு வார்ப்புகள் தேவைப்படும். சம்பவ நேரத்தில் இடமும் மணியும் எண்ணிக்கையும் நிரப்பினால் போதும். கையெழுத்திடும் அதிகாரம் யாருக்கு, அவர் கிடைக்காவிட்டால் யாருக்கு என்பதையும் அந்தத் தாளிலேயே எழுதி வைக்க வேண்டும்.

இன்னொரு வார்ப்பைப் பலர் மறந்துவிடுகிறார்கள்: “முந்தைய அறிவிப்பு தவறு, ஆபத்து இல்லை” என்ற ரத்து அறிவிப்பு. 2018 ஜனவரி 13 அன்று ஹவாயில் ஏவுகணை வருகிறது என்று தவறுதலாக எச்சரிக்கை போனது. தவறு என்பது அதை அனுப்பிய அலுவலகத்துக்குச் சில நிமிடங்களிலேயே தெரிந்துவிட்டது. ஆனாலும் கைப்பேசிகளுக்குத் திருத்தம் போய்ச் சேர 38 நிமிடங்கள் பிடித்தன. திருத்தச் செய்தி எழுதித் தயாராக வைக்கப்படாததும் அந்தத் தாமதத்துக்கு ஒரு காரணம். குற்ற எச்சரிக்கைக்கும் இது அப்படியே பொருந்தும். “வீட்டுக்குள் இருங்கள்” என்று அனுப்பிவிட்டு, ஆள் பிடிபட்ட பிறகு “வெளியே வரலாம்” என்று அனுப்ப மறந்தால் அடுத்த எச்சரிக்கையை யாரும் மதிக்க மாட்டார்கள்.

குறுஞ்செய்தியில் அனுப்பும்போது ஒரு தொழில்நுட்பக் கணக்கு குறுக்கே வருகிறது. ஆங்கில எழுத்தில் ஒரு செய்திக்கு 160 குறிகள் கொள்ளும். தமிழ் போன்ற எழுத்துகளில் 70 மட்டுமே. அதிலும் துணைக்காலும் புள்ளியும் தனித்தனிக் குறிகளாகவே எண்ணப்படுகின்றன. “காவல்” என்ற மூன்றெழுத்துச் சொல் ஐந்து குறிகளைத் தின்றுவிடும். செய்தி நீண்டால் துண்டு துண்டாக உடைந்து போகும், சில நேரம் வரிசை மாறியும் வந்து சேரும். ஆகவே முதல் துண்டிலேயே இடமும் செய்ய வேண்டியதும் இருக்க வேண்டும். மரியாதைச் சொற்களுக்கும் பதவிப் பெயர்களுக்கும் அங்கே இடமில்லை. நகரத்தில் மூன்று மொழிகள் புழங்கினால் மூன்றிலும் ஒரே நிமிடத்தில் போக வேண்டும். மொழிபெயர்ப்பு ஒரு மணி நேரம் தாமதமானால் அந்த மொழிக்காரர்கள் செய்தியை வதந்தி வழியாகவே முதலில் கேட்கிறார்கள்.

யார் பேசுவது என்பதிலும் குழப்பம் வருகிறது. சம்பவம், தேடுதல், விசாரணை ஆகியவற்றைக் காவல்துறை மட்டும் பேச வேண்டும். பள்ளி திறக்குமா, பேருந்து ஓடுமா, பாதிக்கப்பட்டவர்களுக்கு நகரம் என்ன செய்கிறது, இனி என்ன மாறும் என்பது மேயரின் பங்கு. இறந்தவர், காயமடைந்தவர் எண்ணிக்கையை ஒரே ஒருவர்தான் சொல்ல வேண்டும். மருத்துவமனை 3 என்றும் காவல்துறை 4 என்றும் மேயர் 5 என்றும் சொன்னால், “எதையோ மறைக்கிறார்கள்” என்ற பேச்சு அன்றிரவே கிளம்பிவிடும்.

தலைமை வாய் மூடியிருந்தால் என்ன ஆகும் என்பதற்கும், பேசினாலும் போதாமல் போகும் என்பதற்கும் சேர்த்தே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2024 ஜூலை 29 அன்று இங்கிலாந்தின் சவுத்போர்ட்டில் நடனப் பயிற்சிக்கு வந்த குழந்தைகள் மீது நடந்த கத்திக்குத்தில் மூன்று சிறுமிகள் இறந்தார்கள். பிடிபட்டவருக்கு வயது 17 என்றும் கார்டிஃபில் பிறந்தவர் என்றும் காவல்துறை அன்றே சொன்னது. வயது குறைவு என்பதால் பெயரைச் சொல்லவில்லை. அதற்குள் ஒரு பொய்ப் பெயர், “புகலிடம் தேடிப் படகில் வந்தவன்” என்ற கதையோடு சமூக ஊடகங்களில் ஓடியது. மறுநாள் மாலை அந்த ஊரின் மசூதிக்கு வெளியே கலவரம் வெடித்தது. பிறகு பல ஊர்களுக்குப் பரவியது. ஆகஸ்ட் 1 அன்று நீதிமன்றம் பெயரை வெளியிட அனுமதித்தபோது நேரம் கடந்திருந்தது. சட்டத்தால் ஒன்றைச் சொல்ல முடியாதபோது, ஏன் சொல்ல முடியாது, எந்த நாளில் யார் அதை முடிவு செய்வார்கள் என்பதையாவது சொல்ல வேண்டும். சுற்றி வரும் பெயர் தவறு என்று தெரிந்தால், உண்மைப் பெயரைச் சொல்லாமலேயே அதை உடனடியாகவும் திரும்பத் திரும்பவும் மறுக்கலாம்.

2013இல் பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்புக்குப் பிறகு அந்நகரக் காவல்துறை இதைச் சரியாகச் செய்தது. ஏப்ரல் 17 அன்று பெரிய ஊடகங்களே ஒருவர் கைதானதாகச் சொன்னபோது, கைது எதுவும் நடக்கவில்லை என்று தன் ட்விட்டர் கணக்கில் உடனே எழுதியது. இரண்டு நாள் கழித்து ஆள் பிடிபட்டதும் அதே கணக்கில்தான் அறிவித்தது. பலர் அந்தக் கணக்கைப் பார்க்கத் தொடங்கினார்கள்.

வதந்தியை மறுக்கும் முறையிலும் கவனம் தேவை. வதந்திப் படத்தை எடுத்து அதன் மேல் “பொய்” என்று சிவப்பில் முத்திரை குத்தி வெளியிடுவது பரவலான வழக்கம். யாராவது முத்திரைப் பகுதியை வெட்டிவிட்டுப் படத்தை மறுபடி சுற்றவிடுவார்கள். தலைப்பில் உண்மையை வையுங்கள்: “அந்தப் பள்ளியில் எல்லாக் குழந்தைகளும் பத்திரம், 11 மணிக்கு எண்ணிக்கை சரிபார்க்கப்பட்டது.” வதந்தியை உள்ளே ஒரே ஒரு வரியில் குறிப்பிட்டால் போதும்.

சந்தேக நபரின் அடையாளத்தைச் சொல்வதில் இன்னும் நிதானம் வேண்டும். “கறுப்புச் சட்டை போட்ட இளைஞன்” என்ற வர்ணனை நகரத்தில் ஆயிரம் பேருக்குப் பொருந்தும். அதனால் யாரும் பிடிபடப் போவதில்லை. வெளியூர்க்காரர் யாராவது அடிபடுவார். 2018இல் இந்தியாவிலும் மெக்சிகோவிலும் குழந்தை கடத்தல் வதந்திகளால் அப்பாவிகள் கும்பல் கையில் உயிரிழந்தார்கள். வாகன எண், தழும்பு, உடை, எந்தத் திசையில் போனார், எத்தனை மணிக்கு என்று நான்கைந்து குறிகள் சேர்ந்து ஓர் ஆளைச் சுட்டினால் மட்டுமே வெளியிட வேண்டும். “நெருங்காதீர்கள், அழைத்துச் சொல்லுங்கள்” என்ற வரி கூடவே போக வேண்டும். ஆள் பிடிபட்டதும் வர்ணனையைத் திரும்பப் பெறுவதாக அறிவிப்பதும் அதே வேலையின் பகுதி.

காவல்துறை மேலேயே குற்றச்சாட்டு வரும் நாளில்தான் நகரத் தலைமையின் நேர்மை சோதிக்கப்படுகிறது. 2020 மே மாதம் அமெரிக்காவின் மினியாபோலிஸில் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்பவர் காவலர்கள் பிடியில் இறந்தபோது காவல்துறையின் முதல் அறிக்கை அதை ‘மருத்துவ நிகழ்வு’ என்றே தலைப்பிட்டுச் சொன்னது. காவலர் ஒருவர் அவர் கழுத்தில் முழங்காலை வைத்து அழுத்தியதைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. தெருவில் நின்றவர் எடுத்த காணொளி சில மணி நேரத்தில் வெளிவந்தது. இத்தகைய சம்பவத்தில் முதல் அறிக்கை மிகச் சுருக்கமாக இருக்க வேண்டும்: ஒருவர் இறந்திருக்கிறார், காவலர்கள் அங்கே இருந்தார்கள், விசாரிக்கப் போவது வெளி அமைப்பு, காணொளிப் பதிவு பாதுகாக்கப்பட்டுள்ளது. இறந்தவரின் பழைய வழக்குகளை அன்று வெளியிடுவது கண்ணியமற்ற செயல். அதைச் செய்த நகரங்கள் பல ஆண்டு நம்பிக்கையை ஒரே நாளில் இழந்திருக்கின்றன.

இனி எண்கள். “கொலைகள் 50 சதவீதம் உயர்வு” என்ற தலைப்புக்குப் பின்னால் 4 என்பது 6 ஆகியிருக்கலாம். அடுத்த ஆண்டு 4க்குத் திரும்பினால் “33 சதவீதம் குறைப்பு” என்று தலைமையே மார்தட்டிக்கொள்ளும். இரண்டும் வெறும் ஏற்ற இறக்கமாக இருக்கலாம். சிறிய எண்களுக்குச் சதவீதத்தைத் தொடவே கூடாது. எண்ணிக்கையை அப்படியே, குறைந்தது ஐந்து ஆண்டுகளுக்கு வரிசையாகக் காட்ட வேண்டும். ஒப்பிடும்போது இந்த ஆண்டின் முதல் நான்கு மாதத்தைச் சென்ற ஆண்டின் அதே நான்கு மாதத்தோடு ஒப்பிட வேண்டும். மக்கள் தொகை மாறிக்கொண்டிருந்தால் லட்சம் பேருக்கு எத்தனை என்ற விகிதத்தையும் சேர்க்கலாம். நகர மையத்துக்கு மட்டும் அந்த விகிதம் ஏமாற்றும்: அங்கே குடியிருப்பவர்கள் சில ஆயிரம் பேர், பகலில் வந்து போவோர் பல லட்சம். பைத் திருட்டுக்கு ஆளாவது வந்து போவோர், வகுப்பது குடியிருப்போர் எண்ணிக்கையால்.

பதிவான குற்றம் வேறு, நடந்த குற்றம் வேறு என்பதையும் மக்களிடம் திறந்து சொல்ல வேண்டும். அமெரிக்காவில் 1970களிலிருந்து வீடு வீடாகக் கேட்டு நடத்தப்படும் ஆய்வில், வன்முறைக்கு ஆளானவர்களில் பாதிப் பேர்கூடக் காவல்துறைக்குப் போவதில்லை என்பது பல ஆண்டுகளாகத் தெரியவருகிறது. கொலைக் கணக்கு ஓரளவு நம்பகமானது, ஏனென்றால் உடலை மறைப்பது கடினம். குடும்ப வன்முறை வழக்குகள் உயர்ந்தால் அது கெட்ட செய்தியாகவும் இருக்கலாம், பெண்கள் நம்பி வந்து புகார் கொடுக்கிறார்கள் என்ற நல்ல செய்தியாகவும் இருக்கலாம். உதவி எண்ணுக்கு வந்த அழைப்புகள், மருத்துவமனைக் காயப் பதிவுகள் ஆகியவற்றோடு சேர்த்துப் பார்க்காமல் எதையும் அறிவிக்கக் கூடாது. கணக்கெடுக்கும் முறை மாறினால் வரைபடக் கோட்டை அந்த ஆண்டில் உடைத்தே காட்ட வேண்டும். அமெரிக்க எஃப்பிஐ 2021இல் புதிய பதிவு முறைக்கு மாறியபோது நியூயார்க், லாஸ் ஏஞ்சல்ஸ் போன்ற பெருநகரக் காவல்துறைகளின் தரவே அதில் சேரவில்லை. அந்த ஆண்டை முந்தைய ஆண்டோடு நேராக ஒப்பிட்டவர்கள் இல்லாத மாற்றத்தைக் கண்டார்கள்.

எண் சரியாகவே இருந்தாலும் அது அச்சத்தைத் தீர்ப்பதில்லை. அமெரிக்காவின் ‘காலப்’ (Gallup) அமைப்பின் கருத்துக்கணிப்புகளில், குற்றங்கள் வெகுவாகக் குறைந்த ஆண்டுகளிலும் நாட்டில் குற்றம் கூடிவிட்டது என்றே பெரும்பாலான அமெரிக்கர்கள் சொல்லிவந்திருக்கிறார்கள். தங்கள் பகுதியைப் பற்றிக் கேட்டால் அவ்வளவு பேர் அப்படிச் சொல்வதில்லை. எனவே ‘நகரம் முழுவதும்’ என்ற பேச்சைக் குறைத்துத் தெரு அளவில் பேசுவது நல்லது. குற்றமும் தெரு அளவில்தான் குவிகிறது. 1989இல் வெளியான மினியாபோலிஸ் ஆய்வில், நகரின் 3 சதவீத முகவரிகளிலிருந்துதான் காவல்துறைக்கு வந்த அழைப்புகளில் பாதி வந்தது தெரிந்தது. அந்த இடங்களில் என்ன செய்கிறோம் என்று சொன்னால் மற்ற 97 சதவீதத்தில் இருப்பவர்களுக்கும் நிலவரம் புரியும். வரைபடம் வெளியிட்டால் புள்ளியை வீட்டின் மேல் வைக்காமல் தெருவின் நடுவில் வைக்க வேண்டும். 2011இல் பிரிட்டன் தொடங்கிய இணைய வரைபடம் சம்பவங்களை அருகிலுள்ள பொதுப் புள்ளிக்கு நகர்த்தியே காட்டுகிறது. இல்லையென்றால் யார் வீட்டில் அடிதடி என்பது ஊருக்கே தெரிந்துவிடும்.

பகுதிக் கூட்டங்களில் நேரம் வீணாவது பெரும்பாலும் தொடக்கத்தில்தான். மேடை, மாலை, நாற்பது நிமிட உரை, பிறகு கேள்விக்குப் பத்து நிமிடம். இதைத் தலைகீழாக்குங்கள். 90 நிமிடக் கூட்டத்தில் அதிகாரிகள் பேச 15 நிமிடம் போதும். நாற்காலிகளை வட்டமாகப் போடுங்கள். துறைத் தலைவர் வராவிட்டாலும் பரவாயில்லை, அந்தத் தெருவில் ரோந்து போகும் காவலர் கட்டாயம் வர வேண்டும். 1993இல் சிகாகோ தொடங்கிய சமூகக் காவல் திட்டத்தில் ரோந்துப் பகுதி வாரியாகக் கூட்டம் நடந்ததற்கும், அந்தப் பகுதிக் காவலர்கள் அதில் உட்கார்ந்ததற்கும் காரணம் இதுதான். மின்வாரியத்திலிருந்தும் குப்பைப் பிரிவிலிருந்தும் ஒருவர் இருந்தால் இன்னும் நல்லது. பாதுகாப்புக் கூட்டத்தில் வரும் புகார்களில் பெரும்பகுதி எரியாத விளக்கும் பூட்டிக் கிடக்கும் பாழ் வீடும்தான்.

கோபமாக எழுந்து நிற்பவரிடம் புள்ளிவிவரம் சொல்லாதீர்கள். வீட்டில் திருடு கொடுத்தவரிடம் “திருட்டு 12 சதவீதம் குறைந்திருக்கிறது” என்று சொல்வது அவரைப் பொய்யர் என்று சொல்வதற்குச் சமம். முழுதும் கேட்டுவிட்டு, “எந்த இடத்தில், எத்தனை மணிக்கு, எந்தக் கம்பத்துக்குப் பக்கத்தில்?” என்று கேளுங்கள். “பயமா இருக்குங்க” என்பது அங்கே “மூன்றாவது கம்பத்து விளக்கு ஒரு மாதமாக எரியவில்லை, அதன் கீழ்தான் கும்பல் நிற்கிறது” என்று மாறும். பிறகு அதை ஒருவரிடம் ஒப்படைக்கலாம். கூட்டத்துக்கு வருபவர்கள் பெரும்பாலும் சொந்த வீடு உள்ளவர்கள், வயதானவர்கள். வாடகைக்கு இருப்பவர்கள், இரவுப் பணிக்குப் போகிறவர்கள், இளைஞர்கள் வருவதில்லை. குற்றத்துக்கு அதிகம் ஆளாவது அவர்களில் பலர். பணி மாறும் நேரத்தில் அவர்களின் தொழிற்கூட வாசலுக்கும் விளையாட்டுத் திடலுக்கும் நாம்தான் போக வேண்டும்.

அறிவுரை சொல்லும் வாக்கியங்களை ஒரு பெண்ணிடம் படிக்கக் கொடுத்த பிறகே வெளியிடுங்கள். “பெண்கள் இரவில் தனியே செல்ல வேண்டாம்” என்பது பழியை அவர்கள் மேல் தூக்கி வைக்கிறது, தவிர இரவுப் பணிக்குப் போகிறவருக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை. திருடர்களின் முறையைச் சொல்லுங்கள்: “மின்கணக்கு எடுக்க வந்ததாகச் சொல்லிக் காலை 10 மணிக்கும் 12 மணிக்கும் இடையில், முதியவர்கள் தனியாக இருக்கும் வீடுகளுக்குள் இருவர் நுழைகிறார்கள். அடையாள அட்டை கேளுங்கள். கதவைத் திறக்காமலேயே அலுவலகத்தை அழைத்துச் சரிபாருங்கள்.” நேரமும் முறையும் செய்ய வேண்டியதும் அதில் இருக்கின்றன.

இறந்தவரின் குடும்பத்துக்கு நேரில் சொன்ன பிறகே ஊடகத்துக்கு. இதில் விதிவிலக்கே கூடாது. பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரைப் பெயர் சொல்லாமல் விட்டாலும் தெரு, வேலை, வயது, படிக்கும் பள்ளி ஆகியவற்றைச் சேர்த்தால் ஊருக்கு ஆள் தெரிந்துவிடும். ஒன்றுக்கு மேல் தராதீர்கள். 2019இல் கிறைஸ்ட்சர்ச் மசூதித் தாக்குதலுக்குப் பிறகு நியூசிலாந்துப் பிரதமர் ஜெசிந்தா ஆர்டர்ன், கொன்றவன் பெயரைத் தன் வாயால் சொல்ல மாட்டேன் என்று நாடாளுமன்றத்தில் அறிவித்தார். புகழுக்காகக் கொல்பவர்கள் விஷயத்தில் நகரத் தலைமைகளும் அதைப் பின்பற்றலாம்.

கடைசியாக ஒரு பதிவேடு. கூட்டத்திலும் செய்தியாளர் சந்திப்பிலும் கொடுத்த ஒவ்வொரு வாக்குறுதிக்கும் எண், பொறுப்பாளர் பதவி, கெடு நாள், நிலை என நான்கு கட்டங்கள். அது நகராட்சி வலைப்பக்கத்திலும் வார்டு அலுவலகச் சுவரிலும் எல்லோரும் பார்க்கும்படி இருக்க வேண்டும். அடுத்த கூட்டம் அதை வாசித்துத்தான் தொடங்க வேண்டும், செய்யாதவற்றையும் சேர்த்து. “கேமரா பொருத்த முடியவில்லை, ஒப்பந்தப் புள்ளி வரவில்லை, மறு அறிவிப்பு இந்தத் தேதியில்” என்று சொன்னால் மக்கள் திட்டுவார்கள், ஆனால் அடுத்த கூட்டத்துக்கும் வருவார்கள். அதே பதிவேட்டில் வழக்குகளுக்கும் ஒரு பக்கம் தேவை. கைது செய்த அன்று பெரிதாக அறிவித்த வழக்கில் பிறகு ஆள் நிரபராதி என்று விடுவிக்கப்பட்டால், கைதை அறிவித்த அதே கணக்கில், அதே அளவு எழுத்தில், அவர் விடுவிக்கப்பட்டதையும் உண்மையில் செய்தவரை இன்னும் தேடுகிறோமா என்பதையும் எழுத வேண்டும்.